ஐயா, கிரைண்டர் எங்கே கிடைக்குங்க?

பீளமேடு,
12.6.1999

அன்புள்ள அம்மணிக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. நீயும் ஹர்ஷிணியும் வயிற்றில் இருக்கும் புது ஆளும் கோபியில் சுகம்தானே? மாமனாரைக் கேட்டதாகச் சொல்.

முதலில் நல்ல செய்தி. எக்ஸ்ரே வந்துவிட்டது. டிபி இல்லை. "வெறும் பஞ்சுத் தூசிதானுங்க. பதினாலு வருசம் பஞ்சு ஒடைக்கிற புளோரூமுல நின்னா நெஞ்சு என்னதாஞ் செய்யும்? வெளிய வந்துட்டீங்கன்னா தானாத் தேறிரும். மறுபடி உள்ள போனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். இரண்டு மாதமாக எதுவும் ருசிக்கவில்லை. அந்த வடை ருசித்தது.

உன் தலையில் கை வைத்துச் சொன்னபடி, மில் வாசலை இனி மிதிக்க மாட்டேன்.

ரசாக்கை நினைவிருக்கிறதா? நம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன். இப்போது ஒப்பணக்கார வீதியில் ஒரு செருப்புக் கடை மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு யோசனை. நியூஜெர்சியில் ஒரு குஜராத்திக்காரர் நம்மூர் கிரைண்டரை விற்கிறார். நாம் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்தவர் அதன் வழியாகவே அவர் கடைக்குப் போய் வாங்கினால் நமக்குக் கமிஷன். சரக்கு வேண்டாம், கடை வேண்டாம். முக்கியமாகத் தூசி இல்லை. காலையில் பத்து மணி வரை அவன் கடைக்கு ஆள் வராது. அந்த நேரம் மெஷின் எனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

அன்புடன்,
திருமலைசாமி

———

கோபிசெட்டிபாளையம்,
20.6.1999

அன்புள்ள மாமாவுக்கு,

ராமாமணி வணக்கத்துடன். இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். மூன்றாவது ஆள் உதைக்கிற உதையில் சந்தேகமே இல்லை.

எக்ஸ்ரே செய்தி படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். நான் அழுததைப் பார்த்து உங்களைத் தெலுங்கில் திட்டத் தொடங்கினார். நல்ல செய்தி என்று புரிந்த பிறகும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டுத்தான் நிறுத்தினார். திட்டுவதற்கு அவருக்குத் தெலுங்குதான் சரளம்.

கோயமுத்தூர்க் கணபதியில் செய்த கிரைண்டர் கப்பலேறி அமெரிக்கா போகும். அமெரிக்காவில் இருக்கிறவர் அதை வாங்க, பீளமேட்டில் இருந்து நீங்கள் வழி காட்டுவீர்கள். நடுவில் ஒரு குஜராத்திக்காரர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் போகட்டும், பஞ்சு இல்லையல்லவா, அது போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் கடிதத்தில் "நலம்" என்று எழுதாதீர்கள். டிபியோ என்று நான் பயந்துகொண்டிருந்த நாளிலும் நீங்கள் நலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ரசாக் அண்ணன் கடைக்கு எத்தனை படி, எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள், அதை எழுதுங்கள். நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. குழந்தையை மூன்றாம் மாதம் அங்கே கொண்டுவர வேண்டும். மில்லில் இருந்து வருகிற சட்டை தொங்குகிற வீட்டுக்கு நான் கொண்டுவர மாட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஹர்ஷிணி முத்தம் தரச் சொன்னாள்.

உங்கள்
ராமாமணி

———

பீளமேடு,
5.7.1999

அன்புள்ள அம்மணிக்கு,

இருபத்திரண்டு படி. மூன்று இடத்தில் நிற்கிறேன். போதுமா? நீ எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் வடிந்ததா?

இன்டர்நெட்டில் சொந்தப் பெயரில் இடம் வாங்க வருஷத்துக்கு டாலரில் கட்ட வேண்டுமாம், அதற்குக் கிரெடிட் கார்டு வேண்டுமாம். நம்மிடம் இருப்பது ரேஷன் கார்டு. அதனால் இலவச இடம் ஒன்று பிடித்தோம். தலைமாட்டில் எவனுடைய விளம்பரமோ ஆடிக்கொண்டிருக்கும், முகவரி கூட்ஸ் வண்டி போல நீளம். ஆனால் செலவில்லை. முதலில் இதில் பழகு, காசு வந்தால் பெயர் வாங்கலாம் என்கிறான் ரசாக்.

பெரிய வேலை சொல் கண்டுபிடிப்பதுதான். தேடுகிற பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ஆட்கள் அதில் என்ன அடிக்கிறார்களோ, அந்தச் சொல் நம் பக்கத்தில் இருந்தால்தான் அது நம்மைக் காட்டும். நான் ஆங்கிலத்தில் 'கிரைண்டர்' என்று அடித்தேன். இரும்பு தேய்க்கிற மெஷின் வந்தது, காப்பிக்கொட்டை மெஷின் வந்தது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு வைத்தியம் வந்தது. ஆட்டுக்கல்லைக் காணோம்.

சரி, தெரியாத இடத்தில் மொட்டையாகக் கேட்டால் யார் சொல்வார்கள் என்று முறையாகவே கேட்டேன். "மரியாதைக்குரிய ஐயா, அமெரிக்காவில் இட்லி மாவு ஆட்டச் சின்னக் கல் கிரைண்டர் எங்கே கிடைக்கும், தயவுசெய்து தெரிவிக்கவும், நன்றி" என்று முழுதாக ஆங்கிலத்தில் அடித்தேன். ரசாக் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்து விழாத குறை. "ஏனுங்க சாமி, கலெக்டருக்கு மனு எழுதறீங்களா? அது மெஷினுங்க!" என்கிறான். மெஷினாக இருந்தால் என்ன, கேட்கிறவன் மனுஷன்தானே.

மீதி அடுத்ததில்.

அன்புடன்,
திருமலைசாமி

———

கோபிசெட்டிபாளையம்,
15.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

கால் வீக்கம் பாதி வடிந்தது. உங்கள் மூன்று இடத்தைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாக வேண்டும்.

உங்கள் மனுவைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா, இந்த மாதத்தில் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று கடிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். பங்காரு அண்ணனின் மாமியார் பொன்னாத்தாள் அத்தை போன வருஷம் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்து வந்தார்களே, அவர்களைப் போய்ப் பார்த்தேன். அங்கே கிரைண்டர் வாங்க என்ன கேட்டீர்கள் என்றேன். அத்தை கேட்டதெல்லாம் இவைதான்: "அங்கத்த கரண்டுக்கு ஓடுமா? கல்லு வழியில ஒடஞ்சு போகாதா? ரெண்டு பேருக்குக் கொஞ்சமா ஆட்டலாமா? சத்தத்துக்குப் பக்கத்தூட்டுக்காரன் போலீசக் கூப்புட்டுருவானா? அந்தக் குளுருல மாவு பொங்குமா?"

இதுதான் மாமா ஆட்கள் கேட்பது. இவற்றையே தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுங்கள். மாவு பொங்குவதற்கான பதிலைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் ஓவன் அடுப்பை அணைத்த பிறகு உள்ளே இருக்கும் சூடு போதும் என்கிறார் அத்தை.

ஒரு சின்னச் சந்தேகம். உறையை எதைக் கொண்டு ஒட்டுகிறீர்கள்? பசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

ராமாமணி

———

பீளமேடு,
9.8.1999

அன்புள்ள அம்மணிக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. வேலை முதுகை முறிக்கிறது. நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். நானும் நலம்.

பக்கம் ஏறிவிட்டது! நீ அனுப்பிய ஐந்து கேள்வியும் அப்படியே இருக்கிறது. அதோடு தலைப்பில் என் மனுவையும் போட்டுவிட்டேன். "வணக்கம்ங்க, அங்கே எல்லோரும் சுகமா? அமெரிக்காவில் இட்லி மாவு ஆட்டச் சின்னக் கல் கிரைண்டர் எங்கே கிடைக்கும், தயவுசெய்து சொல்லுங்கள் என்று கேட்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பம். ஒரு வீட்டுக்குள் போனால் சுகம் விசாரிக்காமல் விலையைச் சொல்வோமா? ரசாக்குக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நீளமாக எவனும் தேட மாட்டான், சுருக்கமாகப் போடு என்று இரண்டு நாள் பேசவில்லை. நான் மாற்றவில்லை.

எத்தனை பேர் வந்தார்கள் என்று அடியில் ஒரு எண் ஓடுகிறது. இப்போது நாற்பத்தொன்று. அதில் முப்பது நானும் ரசாக்கும். அவனும் கல்யாண சீசன் வீடியோவில் மூழ்கிவிட்டான். இனி அது பாட்டுக்குக் கிடக்கும், பார்க்கலாம்.

ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நீ கவலைப்படாதே. அதற்கு வழி செய்திருக்கிறேன்.

அன்புடன்,
திருமலைசாமி

———

கோபிசெட்டிபாளையம்,
16.8.1999

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். செப்டம்பர் முதல் வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

படி எத்தனை இடம்?

வழி செய்திருக்கிறேன் என்கிறீர்கள். என்ன வழி என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. உறைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ராமாமணி

———

கோபிசெட்டிபாளையம்,
14.9.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பாவுக்கு இன்றோடு பதினொரு நாள். தொட்டில் போட்டாயிற்று. பால் நன்றாகக் குடிக்கிறாள். உங்கள் மூக்கு. என் உடம்பும் தேறி வருகிறது.

நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், ராத்திரி தங்காமல் கடைசி பஸ்ஸைப் பிடித்தீர்கள். ரசாக் அண்ணன் கடையில் அவசரம் என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அப்பா நம்பினார். ஆனால் நீங்கள் போனதும் ஹர்ஷிணி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா மூச்சுக்குள்ள யாரோ விசில் ஊதறாங்க அம்மா." ஆறு வயதுக் குழந்தைக்குக் கேட்கிறது.

இத்துடன் ஒரு காகித மடிப்பு வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், பறந்துவிடும். உங்கள் கடைசி இரண்டு உறையிலும் பசையில் ஒட்டியிருந்த பஞ்சு அது. எட்டு வருஷம் உங்கள் சட்டையில் இருந்து தட்டி எடுத்தவள் நான். மில் கேண்டீன் மேஜையில் வைத்து உறையை ஒட்டினால் இப்படித்தான் ஒட்டும்.

எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். பொய். கோபம்தான். அதைவிடப் பயம். வீட்டுக்குப் போனால் பாப்பாவின் தொட்டிலுக்குப் பக்கத்தில் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டு என்னால் தூங்க முடியாது. நீங்கள் இல்லாமல் போனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதை நினைத்துப் பார்த்தீர்களா?

இதற்கு நலம் என்று பதில் எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

ராமாமணி

———

பீளமேடு,
8.10.1999

அன்புள்ள அம்மணிக்கு,

உன் உடம்பு, பாப்பா, ஹர்ஷிணி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலமில்லை. நான்கு இடத்தில் நிற்கிறேன்.

மூன்று வாரமாக மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை வீட்டில் வைத்து எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் மில்லில் இருந்து ஆள் வந்தது. லீவில் போனவருக்குப் பதிலியாக இரண்டாம் ஷிப்டுக்கு வாருங்கள், ஒரே மாதம் என்றார்கள். ஒரு மாதம்தானே என்று போனேன். காலையில் ரசாக் கடை, சாயங்காலம் புளோரூம். பிரசவத்துக்கு மாமனார் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. அந்த ஒரு மாதம் மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் தலையில் வைத்த கையாலேயே பஞ்சுப் பேல் உடைத்தேன். ஒவ்வொரு நாளும் உறுத்தியது. உறுத்திக்கொண்டே போனேன்.

மடிப்பைப் பிரித்தேன். ஊதினால் போய்விடும் இரண்டு துணுக்கு. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் பேசாமல் இருந்திருக்கிறாய்! அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. மறுநாள் போய் மானேஜரிடம் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இருபது நாள் ஆகிறது. மில் சட்டை இரண்டையும் வண்டி துடைக்கக் கொடுத்துவிட்டேன்.

ரசாக்கிடமும் சொன்னேன். அவன் கத்திய கத்தலில் கீழே செருப்புக் கடைக்காரர் மேலே வந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்க? நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டிருந்தேனே" என்று அவன் கண் கலங்கிவிட்டான். இப்போது முழுநாளும் சென்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்களுக்கு ஈமெயில் அடித்துக் கொடுக்கிறேன். அவன் ஏதோ கொடுக்கிறான். கிரைண்டர் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காவிட்டாலும் மில்லுக்கு இல்லை.

இதை எழுதி முடித்ததும் நெஞ்சில் பாதி லேசாகிவிட்டது. மீதிதான் பஞ்சு போலிருக்கிறது.

மன்னித்துக்கொள் அம்மணி.

திருமலைசாமி

———

கோபிசெட்டிபாளையம்,
18.10.1999

அன்புள்ள மாமாவுக்கு,

நலமில்லை என்று நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக ஒரு கடிதத்தைப் படித்ததில்லை. படித்துவிட்டுப் பாப்பாவோடு சேர்ந்து சாயங்காலம் வரை தூங்கினேன். ஹர்ஷிணிக்கு அம்மாதான் சாதம் ஊட்டினார்.

மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெந்நீரில் ஆவி பிடியுங்கள். டாக்டரிடம் போங்கள், அவர் வராதீர்கள் என்று சொன்னாலும் போங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவர் திட்டவில்லை. "மாப்பிள்ள மருந்துச் செலவ நான் பாத்துக்கறேன், வேண்டாம்னு சொன்னா நேர்ல வந்து தெலுங்குல பேசுவேன்னு எழுது" என்றார். அதனால் வீம்பு பிடிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். நடக்கவில்லை என்று யார் சொன்னது? கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்க்காமலே விற்கவில்லை என்றால் எப்படி? அந்தக் குஜராத்திக்காரருக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள். சுகம் விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

ராமாமணி

———

பீளமேடு,
22.11.1999

அன்புள்ள அம்மணிக்கு,

இரண்டு இடம். போன வாரம் ஒரு நாள் ஒரே இடம். நீங்கள் மூன்று பேரும், மாமனார் மாமியாரும் சுகம்தானே? பாப்பா குப்புற விழுகிறாளா?

நீ சொன்னபடி குஜராத்திக்காரருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பதிலை ரசாக் சத்தம் போட்டுப் படித்தான். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து படித்தான். ஆகஸ்டில் இருந்து நம் பக்கம் வழியாக முப்பத்தேழு கிரைண்டர் போயிருக்கிறது! ஆட்கள் எங்கே இருந்து வருகிறார்கள் என்று கேட்டு இரண்டு தடவை எழுதினாராம். பக்கத்துக்கென்று தொடங்கிய அந்த ஈமெயில் பெட்டியை நாங்கள் அதுவரை திறக்கவே இல்லை.

என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று பட்டியல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரசாக் பார்த்தான். எல்லாம் நம்ம ஊர் மனு! "ஐயா, சின்ன இட்லி கிரைண்டர் எங்கே கிடைக்கும் தயவுசெய்து சொல்லவும்", "வணக்கம், கல் கிரைண்டர் அமெரிக்கக் கரண்டுக்கு ஓடுமா, நன்றி" என்று ஆங்கிலத்தில் வரிசையாக இருக்கிறது. மகன் வீட்டுக்குப் போன அப்பா அம்மாக்கள், அம்மணி. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து ஒற்றை விரலில் அடித்திருக்கிறார்கள். பொன்னாத்தாள் அத்தை மாதிரி எத்தனை பேர்! உலகத்தில் இருக்கிற பக்கமெல்லாம் மொட்டையாகப் பெயர் போட்டு வைத்திருக்க, தயவுசெய்து என்று கேட்டவர்களுக்கு அதே வார்த்தையோடு நின்றது நாம் மட்டும்தான்.

ரசாக் எழுந்து நின்று கும்பிட்டான். "ஏனுங்க சாமி, இனி மேல எல்லாத்துக்கும் மனுவே எழுதுங்க" என்கிறான்.

செக் வந்துவிட்டது, பாங்கியில் போட்டிருக்கிறேன். மாதாமாதம் அவருடைய மற்றச் சாமான்களுக்கும் பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், சம்பளம் போல ஒரு தொகைக்கு. ரசாக் கொடுப்பதையும் சேர்த்தால் மில்லில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் போதும். மாவு பொங்குவது பற்றி எட்டுப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நீதான் பதில் எழுத வேண்டும், எனக்குத் தெரியாது.

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "விசில் கொறஞ்சிருக்குங்க" என்றார். நான் வெளியே வந்து வடை சாப்பிட்டேன்.

அன்புடன்,
திருமலைசாமி

———

கோபிசெட்டிபாளையம்,
26.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா குப்புற விழ இன்னும் நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் சிரிக்கிறாள்.

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. படிக்கவில்லை. முதலில் உறையைக் கிழித்து ஓரமெல்லாம் விரித்துப் பார்த்தேன். பசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு கவிழ்த்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாலு தட்டுத் தட்டினேன். ஹர்ஷிணி பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா தேடற?" என்றாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினேன். ஒன்றுமே விழவில்லை மாமா.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தேழு கிரைண்டரும் எனக்கு அப்புறம்தான்.

எட்டுப் பேருக்கும் பதில் எழுதிவிட்டேன். அதை நேரில் தருகிறேன். டிசம்பர் மூன்றாம் தேதி மூன்று மாதம் முடிகிறது. நாலாம் தேதி காலையில் வந்து எங்களைக் கூட்டிப் போங்கள். அவசரமாக வந்து ஓடக் கூடாது, ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்று இந்தத் தடவை நானே எழுதிக்கொள்கிறேன்.

உங்கள்
ராமாமணி